கை இறுக்கமான காலத்தில் மலிவு பீர்: வாங்கும் முறை, வைக்கும் முறை, ஊற்றும் முறை

2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்ததாக அமெரிக்கப் பொருளியலாளர்கள் கணக்கிடும் அந்தப் பெரும் பொருளாதாரச் சரிவு, அவர்கள் கணக்கில் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. நாட்டின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்ட 2009 அக்டோபரில், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் நான் பார்த்துவந்த ஒப்பந்த வேலை பாதியில் நின்றது. மனைவியின் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் சரியாகப் போய்விட, மீதியை எங்கே குறைப்பது என்று இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து செலவுப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோது, வாராவாரம் நான் வாங்கிவந்த, சிறு ஆலைகள் காய்ச்சும் விலை கூடிய சிற்றாலை பீர் முதல் ஐந்து வரிகளுக்குள் இருந்தது. அதை முழுவதுமாக நிறுத்துவதா, மலிவானதற்கு இறங்குவதா என்று யோசித்து, இறங்குவது என்று முடிவு செய்தேன். வேலை திரும்பக் கிடைத்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. மலிவு பீரை இன்னும் விடவில்லை.

அமெரிக்காவில் வசிப்பவர்கள், அதிலும் வேலை போய்விட்டது அல்லது போய்விடுமோ என்ற நிலையில் இருப்பவர்கள், பழகிய ஒரு சிறு மகிழ்ச்சியைக் குறைந்த செலவில் எப்படித் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை. அதைவிடச் சிக்கனமான வழி எதையும் என்னால் சொல்ல முடியாது. குடிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, மலிவு பீரைப் பற்றி நாம் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அது ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு சேர்ந்தவை என்பதே. சூடு, வெளிச்சம், வயது, அழுக்குக் கிளாஸ் ஆகிய நான்கும்தான் அதைக் கெடுக்கின்றன. இந்த நான்கையும் தடுப்பதற்குக் காசு தேவையில்லை, கொஞ்சம் மெனக்கெடல் தேவை.

கேனுக்குள் இருப்பது என்ன

அமெரிக்காவின் மலிவு பீர்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வகையைச் சேர்ந்தவை: வெளிர் நிற லாகர் (குளிரில் மெல்ல நொதிக்கவைக்கும் பீர்), பார்லி மால்ட்டுடன் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சோளமோ அரிசியோ சேர்த்துக் காய்ச்சியது, ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு மிகக் குறைவு, ஆல்கஹால் 4 முதல் 5 சதவீதம். சோளத்தையும் அரிசியையும் காசை மிச்சப்படுத்தக் கலந்த கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கம் அப்படியில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவிலிருந்தும் வந்து மில்வாக்கியிலும் செயின்ட் லூயிசிலும் ஆலை வைத்தவர்கள், ஊரில் குடித்த தெளிந்த பொன்னிற பீரை இங்கே காய்ச்ச முயன்றபோது, அமெரிக்காவில் விளைந்த ஆறுவரிசை பார்லியில் புரதம் மிகுதியாக இருந்ததால் பீர் கலங்கியது. புரதம் குறைந்த சோளத்தையும் அரிசியையும் ஒரு பங்கு சேர்த்ததும் கலங்கல் நீங்கி, பீரின் கனமும் குறைந்தது. இட்லிக்கு உளுந்தும் அரிசியும் விகிதம் பார்த்துப் போடுகிற நமக்கு இந்தத் தானியக் கணக்கு விளங்காமல் போகாது.

விலை மலிவதற்கும் பண்டம் கெடுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள ஷ்லிட்ஸ் என்ற மில்வாக்கி பீரின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அது நாட்டின் இரண்டாவது பெரிய பீர். செலவைக் குறைப்பதற்காக நிர்வாகம் நொதிக்கும் காலத்தைச் சுருக்கியது. மால்ட்டில் ஒரு பகுதியைச் சோளப் பாகால் மாற்றியது. கலங்காமல் இருக்க ஒரு பொருள், நுரை நிற்க இன்னொரு பொருள் என்று சேர்த்துக்கொண்டே போனது. 1976இல் அந்த இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பாட்டிலுக்குள் வெள்ளைத் துணுக்குகளாக மிதக்கத் தொடங்கின. ஏறக்குறைய ஒரு கோடி பாட்டில்களையும் கேன்களையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1981இல் மில்வாக்கி ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டு நிறுவனமே கை மாறியது. இந்தக் கதையின் பிற்பகுதி எனக்கு அதிகம் பிடிக்கும். பெயரை விலைக்கு வாங்கி வைத்திருந்த பாப்ஸ்ட் என்ற இன்னொரு பீர் நிறுவனம், 1960களின் செய்முறையைத் தேடிப் பிடித்து, சரிவு உச்சத்தில் இருந்த 2008இல் பழைய ஷ்லிட்சை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது. எங்கள் தெருவிலிருந்த முதியவர்கள் அதை வாங்க வரிசையில் நின்றார்கள். அன்றும் அது விலை குறைந்த பீர்தான். ஆனால் ஒழுங்காகக் காய்ச்சியது.

எதை வாங்குவது

மலிவு பீர்களை இரண்டு படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். மேற்படியில் இருப்பவை முழு லாகர்கள்: பாப்ஸ்ட் புளூ ரிப்பன், மில்லர் ஹை லைஃப், ஹாம்ஸ், ஓல்ட் மில்வாக்கி, ஓல்ட் ஸ்டைல் போன்றவை. கீழ்ப்படியில் இருப்பவை நேச்சுரல் லைட், கீஸ்டோன் லைட், புஷ் லைட் முதலிய லைட் வகைகள். இரண்டு படிகளுக்கும் இடையே பெட்டிக்கு இரண்டு மூன்று டாலர்தான் வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டைக் கொடுத்து மேற்படியிலேயே நின்றுவிடுவது என் பரிந்துரை. லைட் பீரில் மால்ட்டின் சுவடு மிகவும் மங்கிவிடுவதால், சில்லென்ற உணர்வைத் தவிர அனுபவிக்க அதிகம் மிஞ்சுவதில்லை. வெயிலில் புல் வெட்டிவிட்டு வந்து மடமடவென்று குடிக்க மட்டும் அது பொருத்தமானது.

ஹை லைஃப் 1903இலிருந்து விற்பனையில் இருப்பது. பீர்களின் ஷாம்பெயின் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வது. நுரைக் குமிழிகள் சுறுசுறுப்பாக இருக்கும், பின்சுவையில் ஓர் ஆப்பிள் வாசனை எட்டிப் பார்க்கும். பாப்ஸ்ட் சற்றே தானியத்தன்மை கூடியது, கசப்பும் ஒரு துளி அதிகம். 1996இல் பாப்ஸ்ட் தன் மில்வாக்கி ஆலையை மூடிவிட்டது. நான் அதைக் குடிக்கத் தொடங்கிய 2009இல் பாப்ஸ்டையும் மில்லர் ஆலைகளே ஒப்பந்தத்தின்பேரில் காய்ச்சிக் கொடுத்தன. ஆகையால் அன்று இந்த இரண்டுக்கும் இடையே நண்பர்களோடு சண்டை போட்டவர்கள், ஒரே அடுப்பில் வெந்த இரண்டு குழம்புகளுக்காகத்தான் சண்டை போட்டார்கள்.

நீங்கள் இருக்கும் ஊருக்கென்று ஒரு பழைய பெயர் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். டெக்சாசில் லோன் ஸ்டார், பால்டிமோரில் நேஷனல் பொஹீமியன், ரோட் ஐலண்டில் நாரகான்செட், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஜெனசி, மினசோட்டாவில் கிரெயின் பெல்ட், பென்சில்வேனியாவில் 1829ஆம் ஆண்டிலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் யுங்லிங் என்று பெரும்பாலான வட்டாரங்களில் ஒன்று உண்டு. உள்ளூரில் வேகமாக விற்பதால் அவை அலமாரியில் கிடந்து கிழடாவதில்லை. பழைமைக்காகச் சொல்லவில்லை, இந்த ஒரு காரணத்துக்காகத்தான் சொல்கிறேன்.

கடையில் பார்க்க வேண்டியவை

கேனின் அடிப்பக்கத்தையோ பெட்டியின் ஓரத்தையோ திருப்பிப் பார்த்தால் ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் அது காய்ச்சிய தேதி, சிலவற்றில் அதற்குள் குடித்துவிட வேண்டிய தேதி. இவ்வகை லாகர் காய்ச்சி மூன்று நான்கு மாதங்களுக்குள் குடிக்க வேண்டிய பண்டம். ஒயினைப் போல வைத்திருந்தால் முதிரும் என்பது இதற்குப் பொருந்தாது. வயது கூடக் கூட ஈரமான அட்டைப்பெட்டியின் சுவை ஏறும். அதனால் தள்ளுபடி விலையில் கடை மூலையில் குவித்து வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்ததும் கை நீட்டாமல், முதலில் தேதியைப் பாருங்கள். அதே தள்ளுபடி புதிய சரக்குக்குக் கிடைத்தால் இரண்டு பெட்டி எடுங்கள், மூன்று வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது சூரிய ஒளியோ குழல்விளக்கு ஒளியோ பட்டால், ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்துக்கு உறவான ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. நெடுஞ்சாலையில் வண்டியில் அடிபட்ட ஸ்கங்கைக் கடந்து போனவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் இதைத் தடுப்பதில்லை, பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும், கேன் முழுவதுமாகத் தடுக்கும். நிறமற்ற பாட்டிலில் வரும் ஹை லைஃப் இதற்கு ஒரு விதிவிலக்கு. ஒளிக்கு மாறாதபடி பக்குவப்படுத்திய ஹாப்ஸ் சாற்றை அதில் பயன்படுத்துகிறார்கள். ஆக, கேனில் வரும் உள்ளூர் லாகர், விலை இரட்டிப்பான பச்சைப் பாட்டில் இறக்குமதியைவிடப் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கேன் என்றால் தகரச்சுவை என்ற பேச்சுக்கு நான் காது கொடுப்பதில்லை.

விலையைக் கேனுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 355 மில்லி கேன்கள் முப்பது கொண்ட பெட்டி 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் கேன் ஒன்று 67 சென்ட். ஆறு கேன் கொண்ட சிற்றாலை பீர் 9 டாலர் என்றால் ஒன்று ஒன்றரை டாலர். பெட்ரோல் நிலையத்தில் ஒற்றைக் கேனாக வாங்குவதுதான் இருப்பதிலேயே ஊதாரித்தனம். 1.18 லிட்டர் கொள்ளும் நாற்பது அவுன்ஸ் பாட்டில் மலிவாகத் தோன்றினாலும், பாதியைத் தாண்டுவதற்குள் சூடேறி வாயு இறங்கிவிடும். மீதியைக் கீழே கொட்டினால் கணக்கு தலைகீழாகும், கொட்டாமல் குடித்தால் அளவு மீறும். எனவே எனக்கு அது எந்த வகையிலும் ஒத்துவரவில்லை. மிச்சிகனில் கேன் ஒன்றுக்கு 10 சென்ட் வைப்புத்தொகை வாங்குகிறார்கள் என்பதால் முப்பது கேனுக்கு மூன்று டாலர் முன்பணம் போகும். காலிக் கேன்களை நசுக்காமல் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பெட்டிக்கு ஆகும். விஸ்கான்சினில் அந்த முறை இல்லை. ஆனால் மாநில பீர் வரி பீப்பாய்க்கு 2 டாலர்தான், நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. ஊருக்கு ஊர் விற்பனைச் சட்டம் மாறும் என்பதால், எந்தக் கடையில், எந்த நேரம் வரை விற்கலாம் என்பதை விசாரித்துக்கொண்டு கிளம்புவது பெட்ரோலையும் மிச்சப்படுத்தும்.

வைத்திருப்பதும் குளிர்விப்பதும்

முதல் கோடையில் நான் செய்த தவறு இது. ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் முப்பது கேன் பெட்டியை வாங்கி வண்டியின் டிக்கியில் வைத்தேன். வழியில் நண்பர் வீட்டுக்குப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் மாலைதான் வெளியே எடுத்தேன். பிறகு மூன்று நாள் குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்வித்தும், ஒவ்வொரு கேனும் பழைய சோளப்பொரியை ஊறவைத்த தண்ணீர் போலவே இருந்தது. பீரைக் குளிர்வித்து, வெளியே எடுத்து, மறுபடி குளிர்விப்பதால் பெரிய கேடு இல்லை. நீடித்த சூடுதான் அதைக் கொல்கிறது. குளிர்பெட்டியில் இடமில்லாவிட்டால் வீட்டின் நிலவறையில் தரையோடு சேர்த்து வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, வெயில் விழும் பால்கனி, கார் டிக்கி ஆகிய மூன்றும் ஆகாது.

விருந்தினர் திடீரென்று வந்துவிட்டால் வாளி ஒன்றில் பாதிக்குப் பனிக்கட்டியைப் போட்டு, கேன்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கைப்பிடி கல்லுப்பைத் தூவிக் கலக்கிவிடுங்கள். வெறும் பனிக்கட்டி கேனை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் சுற்றிலும் தொடும். உப்பு அந்தத் தண்ணீரைப் பூச்சியத்துக்கும் கீழே கொண்டுபோகும். கேன்களை அவ்வப்போது உருட்டிவிட்டால் கால் மணி நேரத்துக்குள் பல் கூசும். உறைபெட்டிக்குள் வைத்து மறந்துபோவது புதிதாகக் குடிக்கத் தொடங்கியவர் எல்லாரும் ஒருமுறை செய்யும் காரியம். உறையும்போது நீர் விரிவதால் கேன் பிளந்து, உறைபெட்டியில் இருக்கும் மீன் பொட்டலங்களுக்கெல்லாம் பீர் அபிஷேகம் நடந்துவிடும். மில்வாக்கிப் பனிக்காலத்தில் பின்வாசல் பனிக்குவியலில் கேனைச் செருகி வைப்பது இலவசக் குளிர்பெட்டிதான் என்றாலும், வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்து பதினைந்து பாகை போகும் இரவுகளில் அங்கேயும் அதே கதிதான்.

எவ்வளவு குளிர் வேண்டும் என்றால், இவ்வகை பீருக்கு 4 பாகை செல்சியஸ் அளவு சரியாக இருக்கும். உறைபனிக்கு நெருக்கமாகக் குடித்தால் நாக்கு மரத்துப்போய்ச் சுவையே தெரியாது. கெட்டுப்போன பெட்டியைத் தீர்ப்பதற்கு மட்டும் அந்த முறையைக் கையாளலாம்.

ஊற்றும் முறை

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், இளமையில் பீர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருடைய கார் கொட்டகையில் ஒரு பழைய குளிர்பெட்டி, இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு வானொலி. எனக்கு வேலை பறிபோன அந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் கேனைத் திறந்து வாயில் வைக்கப் போனதும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளே போய் இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களைக் கொண்டுவந்தார். தண்ணீரில் ஒருமுறை அலசி உதறினார். துடைக்கவில்லை. ஈரக் கிளாஸை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கேனைச் செங்குத்தாகக் கவிழ்த்து நடுவில் ஊற்றினார். நுரை விளிம்புக்கு மேல் எழும்பி வழிவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினார், அது பாதியாக அமரும்வரை பேஸ்பால் பற்றிப் பேசினார், மறுபடி ஊற்றினார். மூன்றாவது முறை ஊற்றி முடித்தபோது கிளாஸின் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு, தயிர் ஏடு போல் அசையாத நுரை நின்றது. குடித்த பிறகு, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாக நுரை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்ததை விரலால் எண்ணிக் காட்டினார்.

இதில் சடங்கு எதுவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மலிவு லாகரில் கரியமில வாயு அதிகம். கேனிலிருந்து நேராகக் குடித்தால் அந்த வாயு முழுவதும் வயிற்றுக்குப் போய் உப்பிசமாகும், நாக்கில் ஊசி குத்துவது போலிருக்கும். நடுவில் அடித்து ஊற்றும்போது அந்த வாயுவில் ஒரு பகுதி வெளியேறி, அடியில் இருக்கும் மால்ட்டின் இனிப்பு தெரியவரும். கேனின் சிறு துளை வழியாக மூக்குக்கு எதுவும் எட்டாது. அகன்ற வாயுள்ள கிளாஸில்தான் மணம் எழும். பாத்திர சோப்பின் மிச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நொடியில் செத்துவிடும். ஊற்றிய பின் கிளாஸின் பக்கவாட்டில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். நெய்யும் தேங்காயெண்ணெயும் புழங்கும் நம் வீடுகளில் பீருக்கென்று இரண்டு கிளாஸ்களைத் தனியாக ஒதுக்கி, உப்பு போட்டுத் தேய்த்து, நிறைய நீரில் அலசி வைத்துவிடுவது நல்லது. இரண்டாம் கைப் பொருள் கடையில் அத்தகைய கிளாஸ் ஒரு டாலருக்குக் கிடைக்கும். என் கணக்கில், பீர் அனுபவத்தை இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயர்த்தும் வேறு பொருள் இல்லை.

தொட்டுக்கொள்ள

கசப்பு மிகுந்த சிற்றாலை பீர்கள் மிளகாய்க் காரத்தை இன்னும் தூக்கிக்கொடுத்து வாயை எரியவைக்கும். மெலிந்த லாகர் அதைத் தணிக்கும். நெத்திலி வறுவல், மிளகு தூக்கலான கோழி, காரக்கடலை, வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் பிசைந்த வேகவைத்த வேர்க்கடலை என்று நம் தொட்டுக்கை எதுவும் இதனோடு சண்டைக்கு வராது. விலை உயர்ந்த சீஸையும் இறைச்சித் துண்டுகளையும் வாங்கி அடுக்கினால் பீரில் மிச்சம் பிடித்ததை அங்கே விட்டுவிடுவீர்கள். உலர்ந்த வேர்க்கடலை ஒரு பவுண்டு வாங்கி முதல் நாள் இரவே ஊறவைத்தால் நான்கு பேருக்குப் போதும்.

பெட்டியில் ஏதோ ஒன்று சரியில்லை என்றால், அதைக் கலந்து காப்பாற்றலாம். மெக்சிகோக்காரர்களின் மிச்சலாதா இதற்கென்றே பிறந்தது போன்றது: கிளாஸின் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, ஓர் எலுமிச்சையைப் பிழிந்து, காரச்சாறு சில சொட்டு விட்டு, பனிக்கட்டி போட்டு, மேலே பீரை நிரப்ப வேண்டும். அமெரிக்க மத்திய மேற்கில் தக்காளிச் சாற்றை ஊற்றிச் சிவப்பு பீர் என்று குடிக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதற்கென்றே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிக்குப் பாதி எலுமிச்சைச் சாறு கலந்த சர்க்கரைத் தண்ணீரைச் சேர்த்தால் ஆல்கஹால் இரண்டு சதவீதத்துச் சொச்சத்துக்கு இறங்கும். ஒரு கேன் இரண்டு கிளாஸாகும். கோடை மாலையில் நீண்ட நேரம் உட்கார்ந்து பேச இது வசதி.

வெளியே குடிக்கும்போது

வேலை இல்லாத காலத்தில் ஆள்முகம் பார்ப்பதற்காகவே மதுக்கூடத்துக்குப் போக நேரும். அங்கே கேன் பீரின் விலையோடு, பரிமாறுபவருக்கு ஒவ்வொரு பீருக்கும் ஒரு டாலர் என்று சேர்த்தே மனத்துக்குள் கணக்கிடுங்கள். மலிவு பீர் என்பதற்காக அந்த டாலரைக் குறைப்பது அநியாயம். அவருக்கும் அதே சரிவுதான். பெரிய கூஜாவாக வாங்கினால் மலிவு என்பது எப்போதும் உண்மையில்லை. சில இடங்களில் கூஜா 60 அவுன்ஸ், சில இடங்களில் 48. பைன்ட் (16 அவுன்ஸ்) என்று கொடுக்கும் கிளாஸிலும் அடிப்பாகம் தடித்திருந்தால் 14 அவுன்ஸ்தான் பிடிக்கும். கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். மாலை நேரச் சலுகை விலை எல்லா மாநிலங்களிலும் இல்லை. மாசசூசெட்ஸ் 1984இலேயே தடை செய்துவிட்டது, இல்லினாய் 1989இல் தடை செய்து 2015இல்தான் நீக்கியது.

போவது எப்படியோ, திரும்புவது எப்படி என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பதே பெரும்பாலான மாநிலங்களின் எல்லை, யூட்டாவில் 0.05. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் வழக்கறிஞர் கட்டணம், அபராதம், காப்பீட்டு உயர்வு என்று ஆயிரக்கணக்கில் போகும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 2015 இறுதியிலிருந்து, தண்டனை விதிக்கப்படாமல் கைது மட்டும் நடந்திருந்தாலும் கடவுச்சீட்டில் உள்ள விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்ய முடியும். வேலையும் நிச்சயமில்லாத நேரத்தில் இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் மீளுவது கடினம். நான் நடந்து போகும் தொலைவில் உள்ள கடையைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று அப்போது வைத்த விதியை இன்றுவரை மாற்றவில்லை.

எண்ணிக்கை

மலிவாகக் கிடைப்பதால் கணக்கு கைமீறும் ஆபத்து இதில் அதிகம். அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு மது என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 5 சதவீத பீர் 355 மில்லி கேன் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய அதுதான். நான் செய்தது எளிய ஏற்பாடு: மாதத்துக்கு ஒரு முப்பது கேன் பெட்டி, அதற்கு மேல் இல்லை, நண்பர்கள் வந்து பத்து கேன் தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான். பெட்டியை நிலவறையில் வைத்துவிட்டு, அன்றைக்கு உரிய ஒரு கேனை மட்டும் காலையிலேயே மேலே கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைப்பேன். இரண்டாவது வேண்டுமென்றால் சூடான கேனைத் தூக்கிவந்து குளிர்வித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால், பல இரவுகளில் அந்தச் சோம்பேறித்தனமே காப்பாற்றியது. வேலை தேடி விண்ணப்பித்து மறுப்புக் கடிதம் வந்த நாள்களில் குடிப்பதில்லை என்றும், மாலை ஆறு மணிக்கு முன் திறப்பதில்லை என்றும் மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன். சொல்லிவைத்ததால்தான் நின்றது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைக் கண்டால், தயங்காமல் 1-800-662-4357 என்ற அமெரிக்க அரசின் உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் காய்ச்சினால் மிச்சமா?

பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, விற்பனைக்கு இல்லாமல் தன் வீட்டுக்காக ஆண்டுக்கு, வயதுவந்த ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் 100 கேலனும், இருவரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டில் 200 கேலனும் காய்ச்சிக்கொள்ளக் கூட்டரசுச் சட்டம் வரியின்றி அனுமதிக்கிறது. ஒரு முறைக்கு 5 கேலன், அதாவது ஐம்பது பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் பாத்திரம், குழாய், மூடி என்று முதல் செலவு உண்டு. அதோடு வெளிர் லாகர்தான் வீட்டில் காய்ச்சுவதற்குக் கடினமானது, ஏனென்றால் வாரக்கணக்கில் 10 பாகை அளவிலேயே நொதிக்க வேண்டும், சிறு பிழையையும் மறைக்க அதில் வேறு சுவை இல்லை. பொழுது நிறைய இருந்து ஆர்வமும் இருந்தால் செய்யுங்கள். காசு மிச்சமாகும் என்று நம்பி இறங்கினால் நான்கைந்து முறைக்குப் பிறகுதான் கைக்கு எட்டும்.

மீதமானால்

திறந்து வைத்து வாயு போன பீரைக் கொட்ட வேண்டாம். விஸ்கான்சினில் பிராட்வர்ஸ்ட் என்ற தொத்திறைச்சியை வெங்காயத்தோடு பீரில் மெல்ல வேகவைத்துப் பிறகு கரியடுப்பில் வாட்டுவார்கள். வாயு போன பீரே இதற்குப் போதும். பஜ்ஜி மாவுக்கு மட்டும் அப்போதே திறந்த, நன்றாகக் குளிர்ந்த பீர் வேண்டும். கடலை மாவு இரண்டு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம் கலந்து வைத்துக்கொண்டு, எண்ணெய் காய்ந்த பிறகுதான் பீரை ஊற்றித் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைக்க வேண்டும். முன்கூட்டியே கரைத்தால் குமிழிகள் அடங்கிவிடும். வாயுவும் ஆல்கஹாலும் சூட்டில் சட்டென்று வெளியேறுவதால் ஓடு மொறுமொறுவென்று நிற்கும். நான்கு பேருக்கான மாவுக்கு அரைக் கேன் போதும். மீதி அரைக் கேனை அடுப்படியில் நிற்பவரின் கிளாஸில் ஊற்றிவிடுங்கள், நடுவில் அடித்து.